8.5 கம்ப்ரஷன் என்று லேபிள் ஒட்டி வேறு பிஸ்டன் அனுப்பியது குறித்துப் புகார்

அனுப்புநர்: டர்போ கிட் வாங்கிய வாடிக்கையாளர், பாளையங்கோட்டை
பெறுநர்: மேலாளர், சேவைப் பிரிவு

ஐயா,

வணக்கம். மாருதி எஸ்டீம் 1.3 எஞ்சினுக்கு உங்களிடம் வாங்கிய டர்போ கிட் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவும் அதற்கான பிஸ்டன்களும்) பற்றி போனிலும் வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் சொல்லிச் சலித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புதுப் புகார் எண் தருகிறீர்கள். பழைய எண்ணைச் சொன்னால் "அது குளோஸ் ஆயிடுச்சு சார்" என்கிறார்கள். யாரைக் கேட்டு குளோஸ் பண்ணினீர்கள்? பொருள் இன்னும் என் ஒர்க்‌ஷாப் மேசையில்தான் கிடக்கிறது.

டிராக் (drag) ரேஸுக்குத்தான், அதாவது நேர்கோட்டு வேக ஓட்டத்துக்குத்தான் எஞ்சின் கட்டுகிறேன், 1 பார் பூஸ்ட் (டர்போ ஏற்றும் கூடுதல் காற்றழுத்தம்) வைப்பேன் என்று ஆர்டரிலேயே எழுதியிருந்தேன். அதற்கு 8.5க்கு 1 கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் இருப்பது 8.5இல் ஒரு பங்கு இடத்துக்கு அமுங்குவது) வரும், தலையில் குழி வைத்த ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன்தான் சரி என்று சொன்னது உங்கள் ஆள். பெட்டி மேலும் அப்படித்தான் ஒட்டியிருக்கிறது. நீங்கள் கொடுத்த அளவுக்கு பிளாக்கின் சிலிண்டர்களை 74.5 மி.மீ. போர் செய்து (கடைந்து பெரிதாக்கி), டர்போ சூட்டுக்கு ஏற்றபடி ரிங் கேப்பை (பிஸ்டன் ரிங்கின் இரு முனைக்கு நடுவில் விடும் இடைவெளியை) 0.45 மி.மீ. வைத்துக் கோர்த்தோம். ஹெட்டை மாட்டி, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் ஓட்டை வழியாக எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி ஊசி போடுகிற சிரிஞ்சால் ஆயில் விட்டு அளந்தார். சிலிண்டர் 329 சிசி. 8.5 வர வேண்டுமானால் மேலே 44 சிசி இடம் வேண்டும். 36 சிசியிலேயே ஆயில் பிளக் மரை வரை வந்து நின்றுவிட்டது. நாலு சிலிண்டரிலும் அதே கதை. கணக்குப் போட்டுப் பாருங்கள், கம்ப்ரஷன் 10ஐத் தாண்டுகிறது! பங்க் பெட்ரோலை ஊற்றி இதில் 1 பார் ஏற்றினால் நாக் அடித்து (பெட்ரோல் கலவை நேரம் தப்பித் தானாக வெடித்து), பூஸ்ட் ஏறிய முதல் ஓட்டத்திலேயே பிஸ்டன் உடையலாம். பொருள் விற்கிற உங்களுக்கு இது தெரியாதா?

இதைச் சொல்லத்தான் போன் செய்தேன். கம்பெனியிலிருந்து வரும் வாட்டர் கூல்டு மோட்டார் (தண்ணீரால் குளிரும் கார் எஞ்சின்) என்று ஆரம்பித்ததுமே, எடுத்தவர் "தண்ணி மோட்டாரா? வயலுக்குப் பாய்ச்சவா? பம்புசெட் கடைக்குப் போங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடமும் சொல்லிச் சிரித்தார். ஐயா, எங்களுக்கு தாமிரபரணிப் பாசனத்தில் வயல் உண்டு. பம்புசெட் எஞ்சினைப் பிரித்துக் கோர்த்துத்தான் நான் தொழில் பழகினேன். அதில் எனக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு இப்படிப் பேச உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? அழைப்புகளைப் பதிவு செய்வதாகச் சொல்கிறீர்களே, அதை நீங்களே ஒரு தடவை போட்டுக் கேளுங்கள்.

அதே ஆள்தான் "நேரில் கொண்டு வாங்க, கையோடு மாத்தித் தரோம்" என்றார். பிஸ்டன்களைத் துணியில் சுற்றிச் சாக்கில் கட்டி, ராத்திரி ரயில் பிடித்துக் கோயம்புத்தூர் வந்து இறங்கினால் உங்கள் ஷட்டர் மூடியிருக்கிறது. ஸ்டாக் எடுக்கிறார்களாம், லீவாம். வாட்ச்மேன் ஐயா மட்டும்தான் மனிதர். உட்கார நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். வரச் சொன்னவரோ போனையே எடுக்கவில்லை.

இப்போது என் நிலைமை என்ன? போர் செய்த பிளாக்கில் பழைய பிஸ்டனை மாட்ட முடியாது. எஞ்சின் அப்படியே கிடக்கிறது. சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்தில் 402 மீட்டர் டிராக் ரேஸ் ஓட வேண்டிய வண்டி ஜாக்கி மேல் நிற்கிறது. இந்த சீசன் போச்சு, ஒர்க்‌ஷாப் பேரும் போச்சு. எனக்கு நஷ்டம் பல லட்சம்.

தயவுசெய்து சரியான பிஸ்டன் செட்டை உங்கள் செலவில் பாளையங்கோட்டைக்கே அனுப்புங்கள். இல்லையென்றால் பணத்தையும் போரிங் கூலியையும் திருப்பித் தாருங்கள். பிரச்சினை பண்ண எனக்கு விருப்பமில்லை. ஆனால் 15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அப்புறம் ரயில் பிடித்து இங்கே வர வேண்டியது நீங்கள்தான். சிரிஞ்சு அளவை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

பின்குறிப்பு: டர்போவின் ஆயில் ரிட்டர்ன் பைப்பும் தப்பு. ஆயில் தன் பாரத்தில் கீழே இறங்க வேண்டும். நீங்கள் அனுப்பியது நடுவில் மேலே வளைந்திருக்கிறது. ஆயில் தேங்கி, டர்போ சீல் வழியாகக் கசிந்து, புகைதான் வரும். அதையும் சேர்த்து மாற்றி அனுப்புங்கள்.