ரவுட்டர் கேட்ட மச்சானுக்கு

மச்சான்,

உன் மெசேஜ் கிடைத்தது. மூன்றே வரி, அதில் ஒன்று "எந்த ரவுட்டர் நல்லது, ஒரே வார்த்தையில் சொல்". ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்திருந்தால் நான் போன வருஷம் அவ்வளவு காசைத் தொலைத்திருக்க மாட்டேன். அதனால்தான் நீளமாக எழுத உட்கார்ந்துவிட்டேன். இங்கே அப்புத்தளையில் மூன்று மணிக்கே பனி இறங்கிவிட்டது, எதிர் மலை தெரியவில்லை, இன்றைக்கு மீட்டிங்கும் இல்லை.

வெள்ளவத்தை அறையைக் காலி செய்துவிட்டு நோர்வூட்டுக்கே வருகிறாய் என்று கேட்டதும் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். "அவன் அப்பாவுக்கு இனி நேரத்துக்குச் சோறு கிடைக்கும்" என்றார். என் மூத்த மகள் இந்த முறை ஓ.எல் பரீட்சை எழுதுகிறாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், இந்த ரவுட்டர் கதையில் அவளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

எங்கள் வீடு உனக்குத் தெரியும். முன்பக்கம் தாத்தா காலத்துத் தேயிலைத் தோட்ட லயத்துக் காம்பரா, அதாவது வரிசை வீட்டின் அறை, ஒன்றரை அடிக் கருங்கல் சுவர், மேலே தகரம். பின்பக்கம் அப்பாவின் ஈ.பி.எஃப் சேமலாபக் காசில் கட்டிய பிளாக் கல் அறை, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் எனக்கு அதுதான் இப்போது ஆபீஸ். ஃபைபர் கேபிள் ரோட்டுப் பக்கத்திலிருந்து வந்ததால் கம்பெனிக்காரர்கள் பெட்டியை முன் காம்பராவில் சாமிப்படத்துக்குக் கீழே அடித்துவிட்டுப் போனார்கள். பின்னறையில் சிக்னல் இரண்டு கோடு. மீட்டிங்கில் நான் பேசப்பேச என் முகம் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்குமாம், கொழும்பில் இருப்பவர்கள் அதைப் படம் பிடித்து அனுப்பிச் சிரித்தார்கள்.

டவுனில் கடைக்காரர் முதலில் ஒரு பூஸ்டரைத் தலையில் கட்டினார். போட்டதும் சிக்னல் முழுக்கோடு காட்டியது, மீட்டிங் மட்டும் முன்னை விட மோசம்! அந்தச் சாமான் செய்வது இவ்வளவுதான்: கேட்டதை அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்லும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகிவிடும், அது நிற்கும் இடத்திலேயே சிக்னல் குறைவென்றால் அந்தக் குறையையும் சேர்த்தே பின்னறைக்குக் கொண்டுவரும். அப்புறம் ஆறு அன்டெனா வைத்த ஒரு ரவுட்டர் வாங்கினேன், நண்டு மாதிரி இருக்கும். கருங்கல்லுக்கு அன்டெனா கணக்குத் தெரியாது மச்சான்.

கடைசியில் எனக்கு வழி காட்டியது காசில்லாத ஒரு வேலை. லெப்டொப்பில் கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னல் இரண்டைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கு, என்னுடையது 192.168.1.1, பிங் போட்டேன், அதாவது ஒரு சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வர எவ்வளவு நேரம் என்று அளப்பது. மற்றதில் வெளியே கூகிளின் 8.8.8.8-க்கு. இரண்டையும் ஓடவிட்டுவிட்டு மீட்டிங்கில் உட்கார்ந்தேன். முகம் உறையும்போது முதல் ஜன்னலிலேயே நேரம் 2, 3 மில்லிசெக்கனிலிருந்து 400, 600 என்று குதித்தது, இடையிடையே பதிலே வரவில்லை. வெளியே போகும் லைன் தங்கமாக இருக்கிறது, வீட்டுக்குள்ளே என் மேசைக்கும் ரவுட்டருக்கும் இடையில்தான் கோளாறு. முதல் ஜன்னல் அமைதியாக இருந்து இரண்டாவது மட்டும் குதித்தால் குற்றம் லைனில், அப்போது எத்தனை ரவுட்டர் மாற்றினாலும் பலனில்லை. இதைச் செய்து பார்க்காமல் நீ கடைக்குள் கால் வைக்காதே. அதோடு போனில் வைஃபை அளக்கும் ஏதாவது ஒரு ஆப்பைப் போட்டு, நாற்காலியில் உட்காரும் இடத்தில் சிக்னல் பலம் எத்தனை டிபிஎம் என்று பார். மைனஸ் 65 சுற்றி இருந்தால் நல்லது, மைனஸ் 75-க்கும் கீழே போனால் கோல் அறுந்துபோகும்.

தெரிந்ததும் என்ன செய்தேன்? கேபிள் இழுத்தேன். இருபத்தைந்து மீட்டர் கெட் 6 நெட்வேர்க் கேபிள், சிலிங்குக்கு மேலே பிவிசி பைப்புக்குள் விட்டு, இரண்டு முனையிலும் ஜாக் அடித்து. பைப் எதற்கென்றால் எலி. லெப்டொப் இப்போது கேபிளில். அந்த நண்டு ரவுட்டரும் வீணாகவில்லை, பின்னறையில் அதே கேபிளில் தொங்கி போன்களுக்கு வைஃபை கொடுக்கிறது. பழைய ரவுட்டரை இப்படிப் போடும்போது முதலில் அதன் முகவரியை மாற்று, அதன் டிஎச்சிபியை, அதாவது சாதனங்களுக்கு முகவரி பங்கிடும் வேலையை, நிறுத்து, கேபிளை இன்டர்நெட் உள்ளே வரும் வான் (WAN) துளையில் குத்தாமல் வீட்டுக்குள் கொடுக்கும் லான் (LAN) துளையில் குத்து. நான் இதில் ஒன்றை மறந்து ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

கேபிள் வாங்கும்போது முனையை பிளேடால் சுரண்டிப் பார். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வளைத்தால் முறியும், திருப்பிக் கொடுத்துவிடு. உள்ளேயும் செம்பாகவே இருந்தால் பழைய கெட் 5ஈ கூட 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட் தூக்கும்.

சரி, ரவுட்டருக்கு வருகிறேன், கேட்டது அதைத்தானே. பெட்டியில் ஏஎக்ஸ்3000 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. அது 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2402 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு மெகாபிட்), இரண்டையும் கூட்டி 3000 என்று உருட்டிய கணக்கு, எந்தப் போனுக்கும் அப்படி வந்து சேராது. ஒரு வீடியோ கோலுக்கு நாலு எம்பிபிஎஸ் ஒழுங்காக வந்தால் தாராளம். நீ பார்க்க வேண்டியது: வைஃபை 6, 2.4-உம் 5-உம் என்று இரண்டு அலைவரிசை, டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை, துளைகள் எல்லாம் ஜிகாபிட். மலிவுப் பெட்டிகளில் துளை 100 எம்பிபிஎஸ்தான் இருக்கும், அதைச் சின்ன எழுத்தில் போடுவார்கள். டிபி-லிங்க்கோ வேறெதுவோ, ஊரில் வாரண்டிக்குக் கொடுத்து வாங்கக்கூடியதாக இருந்தால் போதும். மைக்ரோடிக் நல்ல சாமான், ஆனால் அதை உட்கார்ந்து படிக்க உனக்குப் பொறுமை இல்லை, ஏஎல் கணக்குப் பாடத்திலேயே பார்த்தேன்.

உன் வீடு இன்னும் லய வரிசையில்தானே? அப்படியானால் இன்னொன்று. ஒரே கூரைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு ஒரு ரவுட்டர், எல்லாம் 2.4-இல் ஒன்றின் மேல் ஒன்று கத்திக்கொண்டிருக்கும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 மூன்றுதான். எது காலியோ அதைப் பிடித்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வை. வேலைக்கு 5 கிகாஹெர்ட்ஸையே பாவித்துக்கொள். அது கல்சுவரைத் தாண்டாது என்பது குறைதான், ஆனால் பக்கத்து வீட்டுச் சத்தமும் உன்னிடம் அவ்வளவாக வராது.

ஃபைபர் வருமா என்று கஸ்டமர் கேயாரைக் கேட்காதே, லயத்தில் யார் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று அப்பாவைக் கேள். வரவில்லையென்றால் 4ஜி ரவுட்டர்தான், அதில் பெட்டியை விட இடம் முக்கியம். தகரக் கூரைக்குக் கீழே நடுக்காம்பராவில் வைத்தால் டவர் கண்ணுக்குத் தெரிந்தாலும் சிக்னல் இருக்காது. நீட்டு வயரில் அதை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக நட, அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று டவர் சிக்னலின் பலத்தை ஒரு எண்ணாகக் காட்டும், மைனஸ் 105 மைனஸ் 85 ஆகும் ஜன்னல்தான் உன் ஜன்னல். வெளி அன்டெனா பூட்டத் துளையுள்ள பெட்டியாக வாங்கு. சாட்டிலைட்டில் வரும் ஸ்டார்லிங்க் இன்டர்நெட் 2025 ஜூலையில் இங்கேயும் வந்துவிட்டது, ஆனால் அதற்குத் திறந்த வானம் வேண்டும், உன் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் தைல மரங்களை யார் வெட்டுவது? கரண்டும் 75 முதல் 100 வாட் வரை தின்னும்.

கரண்ட் என்றதும் ஞாபகம். 2022 மார்ச்சில் 13 மணி நேரம் வெட்டினார்களே, அப்போது நான் மெழுகுவர்த்தியில் கணக்கெழுதினேன். 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டபோது நல்லவேளை ஞாயிற்றுக்கிழமை. இப்போது கரண்ட் போனாலும் ரவுட்டரை ஓட்டும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் 10,400 எம்ஏஎச் என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, பெருக்கினால் 38 வாட்-மணிதான். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனி என்றால் இரண்டையும் அதிலேயே கொடுக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து 15 வாட் இழுத்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம் தாங்கும். ரவுட்டருக்குப் போடுகிற காசில் கொஞ்சத்தைக் குறைத்தாவது இதை வாங்கு. ஐப்பசியில் பின்னேரம் இடி தொடங்கினால் ப்ளக்கைக் கழற்று, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வெளியால் செம்புக் கேபிள் இழுக்காதே. தம்பி வீட்டுக்கு இழுத்த எனக்கு ஒரே மின்னலில் இரண்டு பெட்டி போனது.

மகள் கதையைச் சொல்லவில்லையே. எல்லாம் சரி செய்த பிறகும் தினமும் நாலு மணிக்குக் கோல் இழுத்தது, பிங் பார்த்தால் இந்த முறை இரண்டாவது ஜன்னல்தான் குதிக்கிறது. லைன்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தால் அவள் டியூஷன் விட்டு வந்ததும் போன் தானாக அன்றைய படங்களையெல்லாம் மேலே ஏற்றத் தொடங்குகிறது, அப்லோட் நிரம்பி என் குரலுக்கு இடமில்லை. ரவுட்டரில் கியூஓஎஸ் என்ற முன்னுரிமை செட்டிங்கைப் போட்டு லெப்டொப்பை முன்னுக்கு வைத்தேன், படம் ஏற்றுவதை இரவுக்கு மாற்றினாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அதற்குள் யூடியூப் பார்க்கிறாள் என்று இரண்டு தடவை ஏசிவிட்டேன்.

வந்ததும் முதல் வேலையாக அந்த பிங் படத்தை எடுத்து அனுப்பு. பெட்டி எங்கே இருக்கிறது, மேசை எங்கே போடப்போகிறாய், இடையில் எத்தனை மீட்டர் என்று அப்பாவின் அளவு நாடாவால் அளந்து எழுது. ஜாக் அடிக்கும் குறடு என்னிடம் இருக்கிறது, பௌர்ணமி போயா லீவுக்கு நான் வரும்போது கொண்டுவருகிறேன். நீ அதற்குள் பூஸ்டர் வாங்கிவிடாதே.

உன் பழைய பெஞ்சுக்காரன்