150 அடிக்குள் ஒரு வாய்த் தண்ணீர்

ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் நினைவாக விடுமுறை விடப்படும் ஜனவரி மூன்றாம் திங்கட்கிழமை வந்துவிட்டால், உங்களில் பலர் அவருடைய வாசகம் ஒன்றைத் தேடிப்பிடித்துப் பகிர்கிறீர்கள். 2017-இல் மன்ற வளாகத்திலேயே அவருக்குச் சிலையும் எழுந்தது. இந்த ஆண்டும் அந்த வாசகங்களைப் படித்த பிறகே இம்மடலை எழுத உட்கார்ந்தேன். என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். வாக்களிக்க வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீரோ உணவோ கொடுப்பதைக் குற்றமாக்கி 2021-இல் எஸ்.பி. 202 (செனட் மசோதா 202) என்ற தேர்தல் சட்டத்தில் நீங்கள் சேர்த்த விதியை நீக்கிவிடுங்கள்.

கடந்த தேர்தலில் எனக்கு முன்னால் நின்ற கறுப்பின மூதாட்டிக்கு எண்பது வயதைத் தாண்டியிருக்கும். மடக்கு நாற்காலியை இரண்டடி நகர்த்தி உட்காருவார். வரிசை அசைந்ததும் அதைப் பிடித்துக்கொண்டே எழுந்திருப்பார். இரண்டு மணி நேரத்தில் அவருடைய பாட்டில் காலியாகிவிட்டது. என் பையில் திறக்காத பாட்டில்கள் இரண்டு இருந்தன; ஒன்றை எடுத்து நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. "உள்ளே வையப்பா, உனக்கு எதற்கு வம்பு?" என்றார். உங்கள் சட்டப்படி நான் நீட்டியதே குற்றம், அதற்கு ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம் என்பதை வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டேன். ஆள் நின்று ஊற்றிக்கொடுக்காத பாத்திரத்தில் தேர்தல் அலுவலர்கள் தண்ணீர் வைக்கலாம் என்ற சலுகையையும் அங்கேதான் கண்டேன். அப்படி ஒன்று வைத்தும் இருந்தார்கள். வரிசையின் தலைமாட்டில், கதவோரமாக, எங்களுக்கும் அதற்கும் இடையே அறுபது பேர் இருந்தார்கள்.

1963 அக்டோபர் 7 அன்று, பக்கத்து மாநிலமான அலபாமாவின் செல்மா நகரில், வாக்காளராகப் பதிவுசெய்துகொள்ள முந்நூறுக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் நீதிமன்றக் கட்டடத்துக்கு வெளியே நாள் முழுவதும் வரிசையில் நின்றதும், அவர்களுக்கு உணவும் தண்ணீரும் எடுத்துச் சென்ற இளைஞர்களைக் காவலர்கள் அடித்துக் கைதுசெய்ததும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. கிங் அந்த ஊருக்குப் போராட வந்தது அதற்குப் பிறகு, 1965-இல். அந்த ஆண்டே வாக்குரிமைச் சட்டம் பிறந்தது. தேர்தல் விதிகளை மாற்றுமுன் ஜார்ஜியா போன்ற மாநிலங்கள் மைய அரசின் முன்னனுமதி பெறவேண்டும் என்றிருந்த ஏற்பாட்டை 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு செயலிழக்கச் செய்தது. எட்டே ஆண்டுகளில் நீங்கள் தண்ணீர்ப் பாட்டிலிடம் வந்து சேர்ந்தீர்கள்.

வாக்காளரை யாரும் வசப்படுத்திவிடக்கூடாதே என்ற கவலையில்தான் இந்த விதி என்கிறீர்கள். வாக்குக்குப் பணம் என்றால் என்னவென்று நன்றாகவே தெரிந்த தமிழ்நாட்டிலிருந்து வந்தவன் நான். அங்கேகூட ஒரு வாய்த் தண்ணீருக்கு வாக்கு விலைபோனதாக நான் கேள்விப்பட்டதில்லை. வாக்குச்சாவடியிலிருந்து 150 அடிக்குள் பிரசாரம் செய்யக்கூடாது என்ற விதி உங்களிடம் முன்பே இருக்கிறது. பாட்டிலில் கட்சிச் சின்னம் இருந்தால் அதன்கீழ் தாராளமாகப் பிடியுங்கள்.

1968 ஏப்ரலில் கிங்கின் உடல் கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டியில் உங்கள் மன்றக் கட்டடத்தைக் கடந்து சென்றபோது, அன்றைய ஆளுநர் லெஸ்டர் மேடக்ஸ் அரசு மரியாதை தர மறுத்து, வாசலில் ஆயுதக் காவலை நிறுத்தியிருந்தார். அவர் குறைந்தபட்சம் கிங்கை மேற்கோள் காட்டவில்லை.

கோபத்தில் சொல் சற்றுத் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். சட்டம் முழுவதையும் திரும்பப் பெறச் சொல்லி இங்கே நான் வழக்காட வரவில்லை. தண்ணீர் கொடுப்பதைக் குற்றமாக்கும் அந்த ஒரு விதியை, அடுத்த தேர்தலுக்கு முன், வரும் கூட்டத்தொடரிலேயே நீக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த அம்மையார் அடுத்த முறையும் நாற்காலியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நானும் இரண்டு பாட்டில்களோடு வருவேன்.

இப்படிக்கு,
அட்லாண்டா வாக்காளர் ஒருவர்