அண்ணனின் மதிப்பெண் இறங்கியது குறித்து: மறுவாழ்வுப் பிரிவு நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மறுவாழ்வு சிகிச்சைப் பிரிவின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். தலைக்காயம் பட்டவர்களுக்கான குழு சிகிச்சையை இந்தச் சுற்றோடு முடித்துக்கொள்வதாக நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. பங்கேற்றவர்களின் தன்னம்பிக்கையிலும் வாழ்க்கைத் தரத்திலும் "குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை" என்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். என் அண்ணனின் மதிப்பெண் ஏறாதது மட்டுமல்ல, இறங்கியும் இருக்கிறதாம். குழு எப்படி நடந்தது, யார் நடத்தினார்கள், இடம் கிடைக்க நாங்கள் எப்படிக் காத்துக் கிடந்தோம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை மறுபடி எழுதப் போவதில்லை. ஒன்றே ஒன்று கேட்கத்தான் இந்த மடல்: அந்த மதிப்பெண்ணைக் காரணம் காட்டிக் குழுவை நிறுத்தாதீர்கள்.

அந்த மதிப்பெண் எப்படி வந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

கடைசி அமர்வு முடிந்த கையோடு படிவங்களை நீட்டினார்கள். பலர் பேசுவதைப் பின்தொடர்ந்து, தன் முறை வரும்வரை சொல்ல வேண்டியதை மறக்காமல் பிடித்து வைத்திருந்து, சொல்லியும் முடித்துவிட்டு வெளியே வருகிற மனிதரிடம் அதற்குமேல் மிச்சம் எதுவும் இருக்காது. இது ஒரு தூக்கம் போட்டால் தீர்கிற களைப்பு இல்லை என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்கள் சிகிச்சையாளர்கள்தான். உட்காரக் கிடைத்தது தாழ்வாரத்து நாற்காலி. கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. கையில் கோலிப்ரி படிவம், மூளைக்காயத்துக்குப் பிந்தைய வாழ்க்கைத் தரத்தை அளப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது, 37 கேள்விகள்.

அண்ணன் முதல் கேள்வியை விரல் வைத்துப் படித்தார். கவனம் செலுத்தும் திறன் உங்களுக்கு எவ்வளவு திருப்தியாக இருக்கிறது என்பதுதான் கேள்வி. யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். நிமிர்ந்து பார்த்தார், திரும்ப முதல் வார்த்தையிலிருந்து தொடங்கினார். அடுத்து ஒரு கைபேசி அடித்தது. மறுபடியும் முதலிலிருந்து. நியாயமாகப் பார்த்தால் அந்தக் கேள்விக்கான பதில் அங்கேயே கிடைத்துவிட்டது, குறித்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. பக்கம் முடிவதற்குள் அவருக்கு ஒரு வழி பிடிபட்டுவிட்டது. வலது ஓரத்துக்கு ஒன்று முந்தைய கட்டத்தில் பேனாவை வைத்தார், மேலிருந்து கீழாக டிக் அடித்துக்கொண்டே வந்தார்.

அதுகூடப் போகட்டும். ஆனால் அந்தப் படிவத்தில் முதல் 27 கேள்விகள் 'எவ்வளவு திருப்தி?' என்று கேட்கின்றன. கடைசி 10 கேள்விகள் தனிமை, சலிப்பு, கவலை, கோபம், வலி போன்றவை 'எவ்வளவு தொந்தரவு?' என்று கேட்கின்றன. கட்டங்கள் மாறுவதில்லை, அர்த்தம் மட்டும் தலைகீழாகிவிடுகிறது. அண்ணனின் பேனா திரும்பவில்லை. தனிமையும் வலியும் தன்னை வெகுவாக வாட்டுவதாக ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டுவிட்டார். நான் வாயெடுத்தேன். "நீங்க உதவக் கூடாதும்மா, அவரே நிரப்பணும்" என்றார்கள். சரி, விதி விதிதான். ஆனால் அதே படிவத்தை ஒருவர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்டும் நிரப்பலாம் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அன்று அதற்கு ஆள் ஒதுக்க முடியவில்லை போலிருக்கிறது. அப்புறம் அந்த டிக்குகளையெல்லாம் கூட்டி, 0 முதல் 100 வரையான ஓர் எண்ணாக மாற்றி, எங்களுக்குக் கடிதம் அனுப்ப மட்டும் ஆள் இருந்திருக்கிறது.

தன்னம்பிக்கைக்கு நீங்கள் கொடுத்தது ரோசன்பெர்க் அளவுகோல், ஒருவர் தன்னைத் தானே எவ்வளவு மதிக்கிறார் என்று பார்ப்பது. 1965-இல் பள்ளி மாணவர்களை வைத்து உருவானது, பத்தே வாக்கியங்கள். அதிலும் பாதி தன்னை உயர்த்திச் சொல்பவை, பாதி தாழ்த்திச் சொல்பவை. மற்றவர்கள் அளவுக்கு என்னாலும் காரியங்களைச் செய்ய முடிகிறது என்று ஒரு வாக்கியம். அண்ணன் அங்கே மட்டும் நின்றுவிட்டார். "யாரோட அளவுக்கு?" என்று என்னைக் கேட்டார். குழுவில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால் ஒரு பதில், கூட வேலை பார்த்தவர்களோடு ஒப்பிட்டால் வேறு பதில், விபத்துக்கு முந்தைய தன்னோடு ஒப்பிட்டால் பதிலே சொல்ல முடியாது. அன்றைய படிவங்களில் அவர் யோசித்துப் பார்த்து, பதில் எழுதாமல் விட்ட ஒரே இடம் அதுதான். மற்றதெல்லாம் யோசிக்காமல் எழுதியது, கணக்கில் சேர்ந்துவிட்டது.

சரி, படிவத்தை ஒழுங்காகவே நிரப்பியிருந்தாலும் மதிப்பெண் இறங்கித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். குழுவில் சேர்ந்த புதிதில் நிரப்பிய படிவம் உங்களிடம் இருக்கும், எடுத்துப் பாருங்கள். அப்போது அவரைக் கேட்டால் தனக்கு ஒன்றுமே இல்லை, நாளைக்கே வேலைக்குப் போகலாம், வண்டி ஓட்டலாம், வீட்டில் இருப்பவர்கள்தான் சும்மா பயப்படுகிறார்கள் என்பார். அது வறட்டுப் பிடிவாதம் இல்லை, காயத்தின் ஒரு பகுதி என்று நீங்கள்தான் எங்களுக்கு விளக்கினீர்கள். தன் குறை தனக்குத் தெரியாத மனிதர் 'மிகவும் திருப்தி' என்றுதானே எழுதுவார்?

பிறகு ஒருநாள் குழுவில் ஒருவர், தான் கத்தும்போது பிள்ளைகள் அறையை விட்டுப் போய்விடுவதாகச் சொல்லி அழுதிருக்கிறார். வீட்டுக்கு வந்த அண்ணன் சாப்பிடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். "நானும் அப்படித்தான் கத்துறேனா?" என்றார். ஆமாம் என்றேன். காயம் பட்டதிலிருந்து அவர் தன்னைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. நாங்கள் சொன்னபோதெல்லாம் காதில் வாங்காதவர், தன்னைப் போன்ற ஒருவர் சொன்னதும் கேட்டுக்கொண்டார். அதற்கென்றுதானே குழு? இப்போது கோபம் வந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போகிறார். தொலைபேசியில் யாராவது வேகமாகப் பேசினால் "கொஞ்சம் நில்லுங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்கிறார். குழுவில் பழகிய வாக்கியம் அது. இதெல்லாம் நடந்த பிறகு, நினைவாற்றல் திருப்தியா என்று கேட்டால் 'கொஞ்சம்தான்' என்று உண்மையைச் சொல்வார். உங்கள் அட்டவணையில் அது சரிவு. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் வேறு.

விபத்து நடந்த இரவில் கிளாஸ்கோ கோமா அளவுகோலின் எண்ணைச் சொன்னார்கள். 3 முதல் 15 வரை. கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, அசைகிறாரா என்று வெளியிலிருந்து பார்த்துப் போடுகிற எண். அந்த எண் ஒன்று கூடியதற்காக நாங்கள் அழுதிருக்கிறோம், ஆகவே எண்களோடு எங்களுக்குப் பகை இல்லை. ஆனால் தன்னம்பிக்கை வெளியிலிருந்து பார்த்து எழுதுகிற விஷயம் இல்லை, அவரைத்தான் கேட்க வேண்டும். பதில் சொல்ல வேண்டிய மூளைதான் அடிபட்ட மூளை. அதை மறந்துவிட்டு அளப்பது, உடைந்த தராசைக்கொண்டே அதன் எடையைப் பார்ப்பது போலத்தான்.

வழியா இல்லை? காயம் பட்டவருக்கு ஒன்று, வீட்டாருக்கு ஒன்று என்று ஒரே 30 கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டு, இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கிற படிவம் இருக்கிறது. இடைவெளி சுருங்கினால் அவருடைய மதிப்பெண் இறங்கியது ஏன் என்று புரிந்துவிடும். அவரவர் இலக்கை முன்பே எழுதி வைத்து, எதிர்பார்த்ததை எட்டினால் 0, மிஞ்சினால் +1, +2, குறைந்தால் -1, -2 என்று போடும் முறை 1968-லிருந்தே இருக்கிறது. 'தெரியாத ஒருவருக்குப் போன் செய்து பேசி முடிப்பேன்' என்பதில் எத்தனை உறுதி என்று அண்ணனைக் கேளுங்கள், தயங்காமல் பதில் சொல்வார். சில மாதம் கழித்து மறுபடி கேளுங்கள், இன்னும் நல்லது.

ஆனால் அதற்கெல்லாம் பொறுமை வேண்டும். போன மாதம் காத்திருப்புக் கூடத்தில் நாற்காலி வசதியாக இருந்ததா, குடிநீர் கிடைத்ததா என்று ஒரு படிவம் கொடுத்தீர்கள். நாங்கள் எல்லோரும் தாராளமாக மதிப்பெண் போட்டோம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் சிகிச்சையை நிறுத்திவிட்டுக் காத்திருப்புக் கூடத்தை மட்டும் நடத்தலாம். நன்றாக ஓடும். நாற்காலிக்கு முன்னேற்றம் காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். உங்கள் சிகிச்சையாளர்கள் மீது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய நெருக்கடி உங்களுக்கு இருப்பதும் புரிகிறது. அளக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்னொரு முறை அளந்து பாருங்கள்: அமர்வு இல்லாத ஒரு நாளில், அமைதியான அறையில், ஒருவர் வாசித்துக் கேட்க, நடுவில் ஓய்வு கொடுத்து, வீட்டாரிடமும் தனியாகக் கேட்டு. அதன் முடிவு வரும்வரை இந்த மதிப்பெண்ணைக் காரணமாக வைத்துக் குழுவை நிறுத்த வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள். அன்று காலை அண்ணனுக்கு வேறு எந்த வேலையும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குழுவில் பங்கேற்கும் ஒருவரின் தங்கை