நீங்கள் வெட்டும் அந்த ஒரு வரி: நிதி தரும் அறக்கட்டளைகளுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டு நிறுவனங்களுக்கு நிதி தரும் அறக்கட்டளைகளின் அறங்காவலர்களுக்கும் திட்ட அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

என் மேசையில் ஒரு விண்ணப்பப் படிவம் பாதி நிரப்பியபடி கிடக்கிறது. அதன் மூன்றாம் பக்கத்தில் மேலே ஒரு கேள்வி: "உங்கள் திட்டத்தில் உள்ள புதுமை என்ன?" அதே பக்கத்தின் கீழே ஒரு நிபந்தனை: "நிர்வாகச் செலவு மொத்தத் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது." சொற்கள் மாறினாலும் இந்த இரண்டும் சேர்ந்தே வருவதைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். மேலே கேட்பதைக் கீழே இருக்கும் நிபந்தனை நடக்க விடுவதில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளைகளை மறுபடி பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிறிய நிறுவனம் எங்களுடையது. மொத்தம் 11 பேர். உங்களைப் போன்றவர்கள் தந்த பணத்தில்தான் இத்தனை காலம் நின்றிருக்கிறோம். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. நன்றி இருப்பதால்தான் வெளிப்படையாகப் பேசவும் தோன்றுகிறது.

எங்களிடம் நடந்த ஒன்றை முதலில் சொல்கிறேன். சேர்த்துவிட்ட பிள்ளைகளில் பெரிய பெண் பிள்ளைகள் மட்டும் இரண்டு மூன்று மாதங்களில் திரும்ப நின்றுவிடுவார்கள். படிப்பில் ஆர்வம் இல்லை என்றே நாங்களும் நினைத்திருந்தோம். எங்கள் களப்பணியாளர் ஒருவர் யார் எந்த நாளில் வரவில்லை என்று தன் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். பிறகு அந்த நோட்டை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசினார். அம்மாவுக்கு வேலை கிடைக்கும் நாட்களில் மட்டும்தான் அந்தப் பெண்கள் வரவில்லை. வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. விஷயம் அவ்வளவுதான். தம்பி தங்கைகளையும் கூட்டிவரலாம் என்று சொல்லி, அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் வைத்தோம். பெண் பிள்ளைகள் நிலைத்தார்கள். நாங்கள் செய்ததிலேயே ஆகச் சிறந்த காரியம் அதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

அது எப்போது நடந்தது தெரியுமா? ஒரு திட்டம் முடிந்து அடுத்த திட்டம் தொடங்காத இடைவெளியில். அந்த நான்கு மாதமும் அவருடைய சம்பளம் எந்தத் திட்டக் கணக்கிலும் சேரவில்லை. எங்கள் சிறு சேமிப்பிலிருந்து கொடுத்தோம். உங்கள் படிவத்தின்படி அந்தச் சம்பளம் முழுவதும் நிர்வாகச் செலவு. எந்தத் திட்டத்தின் இலக்கும் அவரைத் துரத்தாததால்தான் அவருக்கு யோசிக்க நேரம் கிடைத்தது.

நிர்வாகச் செலவு என்றதும் பெரிய மேசையும் சொகுசுக் காரும் பலர் கண்முன் வந்துவிடுகின்றன. எங்கள் கணக்கில் அந்தத் தலைப்பின் கீழ் இருப்பவை வேறு. கணக்காளரின் சம்பளம், தணிக்கைக் கட்டணம், அலுவலக வாடகை, புதிதாகச் சேர்ந்தவருக்குப் பயிற்சி, பழுதான கணினி, பிள்ளைகளின் விவரங்களைப் பத்திரமாக வைப்பதற்கான செலவு, சட்டப்படி தாக்கல் செய்ய வேண்டியவை. நேற்று செய்த வேலை சரியா தவறா என்று திரும்பிப் பார்க்கும் நேரமும் இதற்குள்தான் வருகிறது. ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்பவரின் சம்பளத்தை வீண் செலவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எங்களிடம் மட்டும் அதைக் குறைத்துக் காட்டச் சொல்கிறார்கள்.

நாங்களும் குறைத்துக் காட்டுகிறோம். இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் கணக்காளரின் சம்பளத்தில் பாதியைத் 'திட்ட ஒருங்கிணைப்பு' என்ற தலைப்பில் காட்டினேன். தவறு என்று தெரிந்தே செய்தேன். வேறு வழி தெரியவில்லை. அந்த அறிக்கையைப் பார்த்தவர்கள், இவ்வளவு குறைந்த செலவில் நிர்வாகம் நடக்கிறதே என்று மகிழ்ந்தார்கள். அடுத்த வருடம் வரம்பு இன்னும் இறங்கியது. ஆன் காகின்ஸ் கிரிகரி, டான் ஹோவர்ட் என்ற இருவர் 2009-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தச் சுழற்சிக்குப் 'பட்டினிச் சுழற்சி' என்று பெயர் வைத்தார்கள். கொடுப்பவர்கள் குறைவாக எதிர்பார்க்கிறார்கள், வாங்குபவர்கள் குறைத்துக் காட்டுகிறார்கள், அந்தப் பொய்க் கணக்கே அடுத்த எதிர்பார்ப்பாகிறது. படித்தபோது எங்கள் அலுவலகத்துக்குள் வந்து பார்த்துவிட்டு எழுதியதைப் போல இருந்தது.

தொண்டு நிறுவனங்களைத் தரம் பார்க்கும் இடத்தில் இருந்தவர்களே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் கைடுஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் ஆகிய மூன்று அமைப்புகளின் தலைவர்களும் சேர்ந்து 2013-இல் நன்கொடையாளர்களுக்கு ஒரு பொது மடல் எழுதினார்கள். நிர்வாகச் செலவின் சதவீதத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை மதிப்பிடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். அதற்குப் பிறகும் எனக்கு வரும் படிவங்களில் அந்தச் சதவீதம் முதல் நிபந்தனையாகவே இருக்கிறது.

பணம் திருடுபோய்விடுமோ என்ற பயத்தில்தான் இந்த வரம்பை வைக்கிறோம் என்று நீங்கள் சொல்லலாம். அந்தப் பயம் நியாயமானது. தொண்டின் பெயரைச் சொல்லி ஏமாற்றியவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் செய்ததன் பாரத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் நாங்களும் சுமக்கிறோம். ஆனால் ஏமாற்ற நினைப்பவர் 5 சதவீதம் என்று எழுதுவதற்கு ஒரு நிமிடம் கூட யோசிக்க மாட்டார். அவரைப் பிடிக்க வேண்டுமானால் நல்ல கணக்காளர் வேண்டும், உள்தணிக்கை வேண்டும், ஒருவர் போட்ட கையெழுத்தை இன்னொருவர் சரிபார்க்கும் ஏற்பாடு வேண்டும். இவை அத்தனையும் நீங்கள் வெட்டும் 'நிர்வாகச் செலவு' என்ற அதே வரியில்தான் இருக்கின்றன.

தகவல் பாதுகாப்பைப் பற்றி நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. 2022 ஜனவரியில் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் தகவல்கள் இருந்த சர்வர்களுக்குள் யாரோ ஊடுருவினார்கள். போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல் போனவர்கள், காவலில் இருப்பவர்கள் என 5,15,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் அதில் இருந்தன. அதற்கு முன்பு 2020-இல், உலகம் முழுவதும் பல தொண்டு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் நன்கொடையாளர் விவரங்களை வைத்திருந்த பிளாக்பாட் என்ற மென்பொருள் நிறுவனத்தைப் பணயத் தாக்குதல்காரர்கள், அதாவது தகவல்களைப் பிடித்துவைத்துப் பணம் கேட்பவர்கள், தாக்கினார்கள். அவ்வளவு பெரிய இடங்களுக்கே அந்த நிலை. எங்களிடம் இருக்கும் பிள்ளைகளின் பெயர், வீட்டு முகவரி, எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசி நிறுத்தினோம் என்பது வரை எல்லாமே ஏழு வருடப் பழைய ஒரு மடிக்கணினியில் இருக்கின்றன. அதை மாற்ற மூன்று முறை பட்ஜெட்டில் கேட்டேன். மூன்று முறையும் அந்த வரி அடிபட்டுத் திரும்பியது. அந்த விவரங்கள் தவறான கையில் சிக்கினால் அடி வாங்கப்போவது ஒரு பதினாலு வயதுப் பெண். இதை நிர்வாகச் செலவு என்று எப்படிச் சொல்வது?

சரி, புதுமைக்கு வருகிறேன்.

பிளேபம்ப் என்று ஒன்று இருந்தது. பிள்ளைகள் ராட்டினம் சுற்றி விளையாட விளையாடத் தண்ணீர் மேலேறி வரும். பார்ப்பதற்கு அவ்வளவு அழகு. 2006-இல் அமெரிக்க அரசும் பெரிய அறக்கட்டளைகளும் சேர்ந்து 1.64 கோடி டாலர் தருவதாக அறிவித்தன. ஆப்பிரிக்க நாடுகளில் ஆயிரக்கணக்கில் நிறுவத் திட்டமிட்டார்கள். ஆனால் ராட்டினம் பழுதானால் சரிசெய்ய உள்ளூரில் ஆளில்லை. பிள்ளைகள் விளையாடாத நேரத்தில் பெரிய பெண்கள் அதைக் கையால் தள்ளிச் சுற்ற வேண்டியிருந்தது. சொன்ன அளவு தண்ணீர் எடுக்க ஒரு நாளில் 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று ஒரு பத்திரிகையில் கணக்குப் போட்டு எழுதினார்கள். சில வருடங்களில் அந்த முயற்சியே நின்றுபோனது. அதைச் செய்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பார்த்ததும் புரிகிற, படம் பிடித்தால் அழகாகத் தெரிகிற ஒன்றைத்தான் எல்லோரும் தேடினார்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்றை வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் செய்தது. உப்பு, வெல்லம், தண்ணீர் மூன்றையும் சரியான அளவில் கலந்தால் வயிற்றுப்போக்கால் சாகும் குழந்தையைக் காப்பாற்றலாம் என்பதைத் தாய்மார்களுக்கு வீடு தேடிப் போய்க் கற்றுக்கொடுத்தார்கள். 1980-இல் தொடங்கிப் பத்து வருடங்களில் 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். கரைசல் முன்பே தெரிந்ததுதான். அதைக் கொண்டுபோய்ச் சேர்த்த விதம்தான் புதியது. கற்றுக்கொடுத்தவர் போன பிறகு, சில வாரம் கழித்து வேறொருவர் அதே வீடுகளில் சிலவற்றுக்குப் போய்த் தாயிடம் கேட்பார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்தே கற்றுக்கொடுத்தவருக்குச் சம்பளம். அப்படிக் கேட்டுக்கொண்டே போனபோதுதான் ஓர் உண்மை தெரிந்தது. தாய்மார்கள் கற்றுக்கொண்டார்கள், ஆனால் பலர் பயன்படுத்தவில்லை. ஏன் என்று தோண்டினால், கற்றுக்கொடுத்த பணியாளர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையைத் தேடினார்கள். வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவும் இல்லை. இரண்டையும் திருத்தினார்கள். பணியாளர்களுக்கு மறுபடி பயிற்சி கொடுத்தார்கள். ஆண்கள் கூடும் இடங்களுக்கும் போய்ப் பேசினார்கள். பயன்பாடு கூடியது.

இந்த இரண்டாவது கதையில் திரும்பிப் போய்க் கேள்வி கேட்ட அந்த ஆளை யோசித்துப் பாருங்கள். அவர் ஒரு தாய்க்கும் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு பயனாளியையும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. இன்றைய படிவத்தில் அவரை எந்த வரியில் எழுதுவது? நீங்கள் அடித்துவிடும் வரியில்தான். அவர் இல்லாமல் இருந்திருந்தால், எத்தனை வீட்டுக்குப் போனோம் என்ற எண்ணிக்கை மட்டும் அறிக்கையில் அழகாக ஏறியிருக்கும்.

இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவை எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றும் ஒரு கேள்வி வருகிறது. எங்களுக்கும் ஆசைதான். எந்தப் பிள்ளை அடுத்து நின்றுவிடக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் அதற்கு முதலில் ஐந்து வருட வருகைப் பதிவை யாராவது உட்கார்ந்து ஒழுங்காகக் கணினியில் ஏற்ற வேண்டும். அந்த ஆளுக்கு யாரும் சம்பளம் தர மாட்டேன் என்கிறார்கள்.

அப்புறம், தோல்வியைப் பற்றி. ஒரு முறை பெற்றோரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் திட்டம் ஒன்றை நடத்தினோம். பிள்ளை வராத அன்றே தகவல் போகும். பாதியிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது, கைபேசி பகல் முழுவதும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது, அந்தச் செய்தியை யாரும் படிப்பதில்லை. இறுதி அறிக்கையில் எத்தனை செய்திகள் அனுப்பினோம் என்று மட்டும் எழுதினேன். அடுத்த வருட நிதி அந்த அறிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. இதே திட்டத்தைப் பிறகு வேறொரு நிறுவனமும் நடத்தி அதே சுவரில் முட்டிக்கொண்டது. நான் உண்மையை எழுதியிருந்தால் அவர்களுக்கு ஒரு வருடம் மிஞ்சியிருக்கும். அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை. கனடாவின் எல்லைகளற்ற பொறியாளர்கள் அமைப்பு 2008 முதல் தன் தோல்விகளைத் தனி அறிக்கையாகவே வெளியிட ஆரம்பித்தது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு சில நாட்களிலேயே, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தன் சுனாமிப் பணிக்குப் போதுமான பணம் வந்துவிட்டது, இனி இதற்கென்று அனுப்ப வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னது. இந்த அளவு உண்மை பேச எங்களுக்கும் விருப்பம் உண்டு. பேசினால் நிதி நிற்காது என்ற உறுதி வேண்டும்.

கொடுக்கும் முறை மாற முடியாததல்ல. ஃபோர்டு அறக்கட்டளை 2016-இல் தொடங்கிய பில்ட் திட்டத்தில், நிறுவனங்களுக்கு ஐந்து வருடத்துக்கு, தங்கள் தேவைக்கு ஏற்பப் பயன்படுத்திக்கொள்ளும்படி நிதி தந்தார்கள். அமெரிக்கப் பெருஞ்செல்வரான மெக்கென்சி ஸ்காட் 2020 முதல் எந்தச் செலவுக்கு என்று கட்டுப்பாடு விதிக்காமல் பெரும் தொகைகளைத் தந்துவருகிறார். பெருந்தொற்றுக் காலத்தில் நூற்றுக்கணக்கான அறக்கட்டளைகள் நிபந்தனைகளைத் தளர்த்துவதாக உறுதி சொன்னார்கள். எங்களுக்கு நிதி தந்தவர்களும் அப்போது தளர்த்தினார்கள். எங்கள் பணம் ஒன்றும் காணாமல் போகவில்லை. பிறகு ஏன் பழைய படிவமே திரும்பி வந்தது?

நான் கேட்பது இதுதான். சதவீத வரம்பை எடுத்துவிட்டு, உங்கள் உண்மையான செலவு என்ன, ஏன் என்று கேளுங்கள். ஒரு வருடத்துக்குத் தருவதை மூன்று வருடத்துக்குத் தாருங்கள். தொகை கூடாவிட்டாலும் பரவாயில்லை, ஒவ்வொரு மார்ச்சிலும் நல்ல பணியாளர்கள் வேறு வேலை தேடும் நிலையாவது தீரும். நீங்கள் நான்கு பேர் எங்களுக்கு நிதி தருகிறீர்கள் என்றால், நால்வரும் பேசி ஒரே அறிக்கையை ஏற்றுக்கொள்ளுங்கள். நான்கு வடிவத்தில் ஒரே விஷயத்தை எழுதுவதில் எங்கள் ஆட்களில் இருவருக்கு வருடத்தில் இரண்டு மாதம் போய்விடுகிறது. "இந்த வருடம் எது சரியாக நடக்கவில்லை?" என்ற கேள்வியைப் படிவத்தில் சேருங்கள், அதற்கான பதிலால் நிதி குறையாது என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

மேசையில் இருக்கும் படிவத்துக்குக் கடைசித் தேதி இன்னும் 12 நாள் இருக்கிறது. இந்த முறை நிர்வாகச் செலவு என்ற இடத்தில் எங்கள் உண்மையான எண்ணை எழுதப்போகிறேன்: 19 சதவீதம். அது எதற்கெல்லாம் போகிறது என்று தனித்தாளில் இணைக்கிறேன். புதுமை என்ன என்ற கேள்விக்கு, தன் நோட்டோடு வீடு வீடாகப் போன அந்தக் களப்பணியாளரைப் பற்றி எழுதுகிறேன். குறுஞ்செய்தித் திட்டத்தில் என்ன நடந்தது என்பதையும் சேர்க்கிறேன். படித்துவிட்டு ஏதாவது கேட்கத் தோன்றினால் நிராகரிக்கும் முன் ஒரு முறை கூப்பிடுங்கள். புதிய மடிக்கணினிக்கான தொகை இரண்டாம் பக்கத்தில், நான்காவது வரியில் இருக்கிறது.

அன்புடன்,
ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் பொறுப்பாளர்