மேல் டிவிசன் அம்மாயிக்கும் மற்ற எல்லோருக்கும்

வணக்கம். மண் சரிந்த அந்த ராத்திரியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. கோயிலில் தலைகளை எண்ணி, "எல்லாரும் இருக்காங்க" என்று போனில் சொன்னபோது எனக்குக் கால் நிற்கவில்லை. நடுக்கம் போவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மழைமானிக் கம்பத்தைத் தோளில் ஏற்றிய தம்பிமார், பாறையில் எர்த் கம்பி அடித்துக் கை கொப்பளித்தவர்கள், பற்றரியைக் கொண்டுவந்து தந்த ஆட்டோ அண்ணன், நடுச்சாமத்தில் கோயில் ஸ்பீக்கரைப் போட்டுத் தொண்டை கட்டக் கத்திய தலைவர், வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட கீழ்க் கிராமத்துச் சிங்களச் சனங்கள், எல்லோருக்கும் நன்றி. பெயர் சொல்லப் போனால் யாராவது விடுபடுவார்கள்.

அம்மாயிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

மழைமானி பூட்டிய அன்று கொழுந்துக் கூடையோடு வந்து நின்று, "தம்பி, இது குண்டு சாமானா?" என்று கேட்டீர்கள். சிரித்துவிட்டேன். ஆனாலும் வயரும் பற்றரியுமாக ஒரு தமிழ்ப் பையன் மலையில் உட்கார்ந்திருந்தால், யுத்த காலத்தைப் பார்த்தவர்கள் வேறு என்ன கேட்பார்கள்? மழையை எண்ணுகிற பெட்டி என்றேன். 0.2 மில்லிமீற்றர் பெய்ததும் உள்ளே குட்டி வாளி ஒருமுறை கவிழும், வயரில் ஒரு துடிப்பு போகும். 24 மணித்தியாலத்தில் 750 தடவை கவிழ்ந்தால் 150 மில்லிமீற்றர். மண் சரியலாம், லயத்து வீடுகளை விட்டு வெளியேற வேண்டும். நீங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மீரியபெத்தையில என் தங்கச்சி மக இருந்தா" என்றீர்கள். அங்கே மண்சரிவு லயங்களைப் புதைத்த 2014 அக்டோபர் 29ஐ எனக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

பெட்டி திறந்து கிடக்கும்போதே மழை கொட்டியது. இணைப்பில் ஈரம் இறங்கினால் பொய்க் கணக்குத்தான் வரும். நீங்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்கு விரிப்பை அவிழ்த்து, நான் கடைசி வயரை முறுக்கி முடிக்கும்வரை பெட்டிக்கு மேலே விரித்துப் பிடித்தபடி நனைந்தீர்கள். கொழுந்து நிறை குறைந்து அன்று அரைப் பேர், அதாவது அரைநாள் கூலிதான் போட்டார்களாம். பிறகுதான் கேள்விப்பட்டேன்.

உங்கள் கேள்வி மனதை விட்டுப் போகாமல், குண்டுச் சோதனைகளைப் பற்றித் தேடி வாசித்தேன். 1945 ஜூலை 16, நியூ மெக்சிகோ பாலைவனம். முதல் அணுகுண்டுக்கு ஏறக்குறைய 9 கிலோமீற்றர் தள்ளி மூன்று திசையில் பதுங்கறைகள், அளக்கும் கருவிகள், தரையெங்கும் வயர். அங்கேயும் மழை, மின்னல். 4 மணி வெடிப்பு 5.30க்குத் தள்ளிப்போனது. மழையில் வயர் முறுக்கிய அந்த ஆட்களின் பாடு எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் அளந்தது தாங்களே மூட்டிய நெருப்பை. நான் அந்த வேலைக்குப் போயிருப்பேனா என்று தெரியவில்லை. கூலி நல்லதாக இருந்தால் போயிருப்பேனோ என்னவோ.

நம் பெட்டியை மண் கொண்டுபோய்விட்டது. போகட்டும். 750ஐத் தாண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் போனது.

வேறு இடம் பார்த்தாயிற்று. அடுத்த மாதம் திரும்பவும் கம்பம் நடுவோம். மாதம் ஒருமுறை நானே வந்து புனலில் விழும் சவுக்கு இலையைப் பொறுக்குவேன். உங்களுக்குப் புதுப் படங்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், நீல நிறம். பிடிக்காவிட்டால் சொல்லுங்கள் அம்மாயி, பில் இருக்கிறது, மாற்றலாம்.