பதக்கம் மட்டும் அளவுகோலா?

ஆசிரியருக்கு,

ஐஸ் ஹாக்கி தற்காப்பு வீரர் பொரியே சால்மிங் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரை, அவரை 'ஒலிம்பிக் பதக்கம் வெல்லாதவர்' என்று அறிமுகப்படுத்தியது ஏற்புடையதல்ல. சுவீடனின் கிருனா பகுதியிலிருந்து வந்த அவர், 1973 முதல் 16 பருவங்கள் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு ஆடினார். அவரது உச்சக் காலத்தில் வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.-இல் ஆடியவர்களுக்கு ஒலிம்பிக் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது. அந்த லீக் தன் பருவத்தை நிறுத்தி வீரர்களை அனுப்பியதே 1998 நாகானோ ஒலிம்பிக்கில்தான். சால்மிங் 1992இல் ஆல்பர்வில்லில் ஆடியபோது அவருக்கு வயது 40. அந்த வயதிலும் நாட்டுக்காகக் களமிறங்கியதல்லவா தலைப்பாகியிருக்க வேண்டும்!

லீஃப்ஸ் அணிக்காக அவர் அடித்த கோல்கள் 148; அடிக்க உதவியவையோ 620. எதிரணியைத் தடுத்து, 'பக்' எனும் ரப்பர் வட்டைப் பறித்து, முன்கள வீரரிடம் சேர்ப்பதே தற்காப்பு வீரரின் பணி. ஸ்கார்பரோவில் என் மகள் ஆடும் சிறுமியர் அணியில், தம் பிள்ளையை முன்களத்தில் நிறுத்துமாறு கேட்கும் பெற்றோரைத்தான் காண்கிறேன்; தற்காப்பைக் கேட்டு வருபவரை அரிதாகவே பார்த்திருக்கிறேன். செய்தித்தாள்களும் கோல் அடித்தவரையே கொண்டாடினால் இது எப்படி மாறும்? குளிர்கால ஒலிம்பிக் நாட்களில், ஒவ்வோர் ஆட்டச் செய்தியுடனும் சிறந்த தற்காப்பு வீரரின் கள நேரம், தடுத்த ஷாட்கள், கோல் உதவிகள் ஆகியவற்றைச் சிறு கட்டத்தில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

– வாசகர், டொராண்டோ