பிசின் புள்ளிகள்: சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

பேத்தி பிறந்த செய்தி படித்து வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். குழந்தையைப் பார்க்கத் தை மாதம் வருகிறோம். உடனே பதில் எழுத முடியாமல் போனதற்குக் காரணம் நம் பழைய தொல்லையான மரப் பிசின்தான். ஓய்வு பெற்ற பிறகும் மில் லேபுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பல்ப் (மரக்கூழ்) ஷீட்டில் மறுபடியும் பழுப்புப் புள்ளி. நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டு வருமே, அதேதான். பைன் மரத்தைக் கூழாக்க வேக வைத்தால் அதன் ரெசின் அமிலம் காரத்தில் சோப்பாகி, கரையாத மெழுகையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். நம் தைலமரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பின்லாந்தில் பிர்ச் மரத்தோடு பைன் சோப்பைச் சேர்த்து வேக வைப்பதும் இதனால்தான்.

இங்கே சோப்புக்குப் பதில், பிசினைத் தண்ணீரில் கலக்க வைக்கும் சர்ஃபாக்டன்ட் விட்டுக்கொண்டிருந்தார்கள். மின்சுமை இல்லாத, அதாவது அயனி இல்லாத வகை மட்டும். புள்ளி குறையவே இல்லை. ஒரு நாள் அதே கரைசலைப் பீக்கரில் எடுத்து, காரம் சேர்த்துச் சூடாக்கினேன். 60 டிகிரி தாண்டியதும் பால் மாதிரி கலங்கிவிட்டது. கூழை வெளுக்கும் பிளீச் டவரிலோ 70க்கு மேல்! பிசினைக் கழுவ வேண்டியதே தண்ணீரை விட்டுப் பிரிந்து நின்றிருக்கிறது. எதிர்மின் சுமை உள்ள சர்ஃபாக்டன்ட் வகையில் சில சொட்டு விட்டேன். கண்ணெதிரே தெளிந்தது, சேகர். 80 வரை கொண்டுபோனேன், கலங்கவில்லை. இரண்டும் சேர்ந்த மிசெல்களில் (சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகளின் நுண்ணிய திரள்களில்) மின்சுமை ஏறி ஒன்றையொன்று தள்ளிக்கொள்கின்றன, அதனால் ஒன்றுகூடிப் பிரிவதில்லை.

எதிர்மின் வகையைக் கூட்டினால் கூழைக் கழுவும் வாஷரில் நுரை பொங்கும். அதை அடக்க எண்ணெய் டீஃபோமர் ஊற்றினால் அதுவே பிசினோடு சேர்ந்து புள்ளியாகத் திரும்பி வரும். அதனால் அளவில் கறாராக இருக்கிறேன்.

அப்புறம், நாம் டிரம் டிரம்மாக ஊற்றினோமே நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் என்ற சர்ஃபாக்டன்ட், அதை ஐரோப்பாவில் 2005லேயே பல்ப், காகித ஆலைகளில் தடை செய்துவிட்டார்கள். அது சிதைந்து வரும் பொருள் மீன்களின் ஹார்மோனைக் கெடுக்கிறது. கழிவு வாய்க்கால் ஓரம் நாம் தூண்டில் போட்ட சாயங்காலங்கள் நினைவுக்கு வந்து மனசு கனத்துப்போனது. இப்போது கொழுப்பு ஆல்கஹாலிலிருந்து செய்த சர்ஃபாக்டன்ட் வகைதான் வாங்கச் சொல்கிறேன்.

நீ லாரி வாரியாக மரத்தூளை அசிட்டோனில் பிரித்துப் பிசின் அளவு எழுதிவைத்த பச்சை நோட்டு இருக்கிறதா? வெட்டி எத்தனை நாள் ஆன மரம் என்றும் குறித்திருப்பாய். அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
ராமு